ஃபெரட் ஜோடி வாங்கிக் குட்டி எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை ரெண்டு தடவை படித்தேன். தாராபுரத்திலிருந்து இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டுஷயர் வந்து ஒரு குளிர்காலம் போயிருக்கிறது. தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, உங்களுக்குக் கோழிப்பண்ணை. பக்கத்துப் பண்ணையக்காரர் முயலை வளையிலிருந்து வலைக்கு விரட்ட ஃபெரட் வைத்திருக்கிறார், கீரி மாதிரி நீள உடம்புப் பிராணி. ஒரு ஜோடி சும்மாவே தருகிறேன் என்கிறார், போல்கேட் என்ற அதன் காட்டு மூதாதையின் ரத்தம் கலந்தது என்ற பெருமை வேறு. குட்டி எடுத்து விற்றால் கைச்செலவுக்கு ஆகுமா, பண்ணையில் சாகிற கோழி தீனிக்குப் போதுமா, பின்னாளில் ஊருக்கே கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே வாடகை, குளிர், கார் லைசன்ஸ்.

கடைசி மூன்றையும் முதலில் முடித்துவிடுகிறேன். வந்து குடியேறின நாளிலிருந்து 12 மாதம் வரை நம்ம இந்திய லைசன்ஸில் ஓட்டலாம், அதற்குள் இங்கத்து டெஸ்ட் பாஸ் ஆகிவிடுங்கள். குளிருக்குக் கம்பளி. வாடகையைப் பற்றி லண்டனில் இருக்கிற நம்மாட்கள் விடிய விடியப் பேசுவார்கள், அவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு வேறு பேச்சு கிடையாது.

ஃபெரட் விஷயம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நானும் இப்படித்தான் வந்தேன். ஷ்ராப்ஷயரில் ஒரு மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிற வேலை. தனி வீடு என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான், வந்து பார்த்தால் சேற்றுக்குள் ஒரு கேரவன், உள்பக்கச் சுவரிலேயே பனி பூத்திருக்கும். வாரக்கணக்கில் மாடுகளைத் தவிரப் பேச்சுத்துணை இல்லை. வேலி வெட்ட வரும் ஒரு பெரியவர்தான் முதலில் என்னை மனுசனாக மதித்துக் கூப்பிட்டார். அவர் தோளில் தொங்கும் மரப்பெட்டிக்குள் ரெண்டு ஃபெரட் இருக்கும். எனக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதனால் இதைப் பற்றி யாராவது லேசாகக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், பெட்டை. இங்கே பெட்டையை ஜில் என்பார்கள், கடுவனை ஹாப் என்பார்கள். பகல் நீள ஆரம்பித்ததும், மார்ச் வாக்கில் ஜில் பருவத்துக்கு வரும். ஆடு மாடு போல ரெண்டொரு நாளில் அது இறங்கிவிடாது. கடுவன் சேர்ந்தால்தான் கருமுட்டையே வெளியாகும். சேராவிட்டால் கோடை முழுக்கப் பருவத்திலேயே நிற்கும். அப்படி நின்றால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உற்பத்தியாவதை நிறுத்திவிடும். ஈறு வெளுத்து, மயிர் கொட்டி, ஒருநாள் செத்துக் கிடக்கும். பக்கத்து டவுனில் நம்ம ஆள் ஒருத்தர் பையன் பிறந்தநாளுக்கு ஒரு ஜில் வாங்கிக் கொடுத்தார். பாவம், யாருக்கும் இது தெரியாது. ஆகஸ்டில் அதை மண்ணில் போட்டார்கள். சாப்ட்வேர் வேலை, ரெண்டு கார், இருந்தும் ஒரு டாக்டரிடம் காட்டிக் கேட்க நேரமில்லை.

இதைக் கேட்டதும் சிலர் என்ன நினைக்கிறார்கள் என்றால், "அப்போ வருசாவருசம் குட்டி போட வைத்தால்தான் பெட்டை பிழைக்கும்" என்று. சுத்தப் பொய். விற்கிறவன் கட்டிவிட்ட கதை. விந்துக்குழாயை மட்டும் வெட்டிவிட்ட ஹாபைச் சேர்த்தால் பருவம் இறங்கிவிடும், குட்டி தங்காது. ஆறு வாரம் பொய்ச்சினையாக இருந்துவிட்டுத் திரும்பப் பருவத்துக்கு வரலாம், அப்போது மறுபடி சேர்க்க வேண்டும். கால்நடை மருத்துவர் போடும் ஊசி ஒன்று உண்டு, அனேகமாக ஒரு பருவத்துக்குத் தாங்கும், இப்போது கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோலுக்கடியில் வைக்கிற டெஸ்லோரெலின் என்ற மருந்து இம்பிளான்ட் இன்னும் நாள்பட நிற்கும். சூலகத்தையும் கர்ப்பப்பையையும் அறுத்தெடுப்பதும் உண்டு, ஆனால் அப்படிச் செய்தவற்றுக்குப் பின்னாளில் அட்ரினல் சுரப்பி நோய் வர வாய்ப்பு இருப்பதால் இப்போது பலரும் இம்பிளான்ட் பக்கம் போகிறார்கள். எது உங்கள் ஜில்லுக்குச் சரி என்று மருத்துவர் சொல்லட்டும். குட்டி என்பது வைத்தியம் அல்ல.

ரெண்டாவது, அந்தப் போல்கேட் ரத்தம். உங்கள் பண்ணையக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. ஆனால் கறுத்த உடம்பும் கண்ணைச் சுற்றி முகமூடி போல மயிரும் இருந்தாலே போல்கேட் என்று விற்கிற வழக்கம் இங்கே உண்டு. அது வெறும் நிறம். வெள்ளை, மணல் நிறம் எல்லாம் அதே ஃபெரட்தான். ஃபெரட்டே ஐரோப்பியப் போல்கேட்டிலிருந்து ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல் பழக்கி எடுத்த பிராணி. நிஜமாகவே காட்டு ரத்தம் கலந்திருந்தால்தான் எனக்கு இன்னும் பயம். முதல் தலைமுறைக் கலப்பு மனுசக் கைக்குப் பயந்து நடுங்கும். வளை வாய்க்கு வந்து, உங்கள் கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும். பெரியவரிடம் அப்படி ஒன்று இருந்தது. முயல் அத்தனையும் வலையில் விழுந்த பிறகும், மழையில் மம்பட்டியோடு நாங்கள் ரெண்டு பேரும் இருட்டும் வரை நின்றோம். வேகம், வெறி என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வேலைக்காரப் பிராணிக்கு முதல் குணம், கூப்பிட்டால் கைக்கு வருவது.

இன்னொன்றும் இருக்கிறது, இது நீங்கள் இப்போது இருக்கிற ஊர்ப்பக்கத்து விஷயம். இந்த நாட்டில் வேட்டைப் பறவைகளுக்குக் காவல் நின்ற ஆட்கள் போல்கேட்டைப் பொறிவைத்துக் கொன்று தீர்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடு வேல்ஸும் அதை ஒட்டின எல்லை மாவட்டங்களும்தான் அதற்கு மிச்சம். ஹெரிஃபோர்டுஷயர் அதில் ஒன்று. அங்கிருந்துதான் மறுபடி கிழக்கே பரவிக்கொண்டிருக்கிறது. ஃபெரட்டும் போல்கேட்டும் சேர்ந்து பிறக்கும் குட்டி மலடு அல்ல. அது தப்பிப் போனால் காட்டில் இணை சேரும், காட்டு ரத்தம் கலங்கும். பரவிப் போன பகுதிகளில் இப்படிக் கலந்தவை ஏற்கெனவே இருக்கின்றன. உயிர் தப்பின ஊரிலேயே அதைக் கெடுத்த பேர் நமக்கு வேண்டாம். அப்புறம் யாராவது காட்டிலிருந்து பிடித்துத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் போல்கேட்டைப் பொறிவைத்துப் பிடிக்கக் கூடாது.

குட்டி எடுக்கவே கூடாது என்கிறேனா? இல்லை. நானே எடுத்திருக்கிறேன். எங்கள் அய்யன் காங்கேயம் மாடு வைத்திருந்தவர். சித்திரையில் கண்ணபுரம் தேருக்குக் கூடும் சந்தையில் எல்லாரும் கொம்பையும் திமிலையும் பார்ப்பார்கள், அவர் காளையைப் பிடித்திருக்கும் ஆளின் முகத்தைப் பார்ப்பார். "அவன் பயந்துகிட்டுப் பிடிச்சா, அந்தக் காளை நமக்கு வேண்டாம்" என்பார். கொறங்காட்டு மேய்ச்சலில் எத்தனை அழகான காளை நின்றாலும் சரி, முட்டுகிற புத்தி இருந்தால் பூச்சிக்காளையாக, அதாவது பொலிகாளையாக விட மாட்டார். நானும் ஃபெரட்டில் அதைத்தான் பார்க்கிறேன். கடிக்காத தாய், வளைக்குள் படுத்துவிடாத தாய், ரெண்டு மூன்று குளிர்காலம் வேலை செய்து காட்டினது. கடுவன் வேறு ஆளிடமிருந்து, சொந்த ரத்தம் இல்லாதது. ரெண்டுக்கும் அலூஷியன் நோய் என்ற வைரஸ் தொற்றுக்கு ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான் ஒன்றாக விடுவேன். நெற்றியில் பட்டை, தலை முழுக்க வெள்ளை என்று அழகுக்காக எடுப்பவற்றில் செவிடு அதிகம். நீள மயிர் அங்கோரா வகைக்கு மூக்கிலேயே குறை இருக்கும், தாய்க்குப் பால் பத்தாது. அதெல்லாம் வேண்டாம்.

சேர்க்கை பார்க்கச் சகிக்காது. கடுவன் கழுத்தைக் கவ்வி இழுத்துப்போகும், பெட்டை கத்தும், மணிக்கணக்கில் நடக்கும். புதுசாகப் பார்க்கிறவர்கள் பிரித்துவிட ஓடுவார்கள். சினை 42 நாள். ஆறு முதல் எட்டுக் குட்டி சாதாரணம், பத்துக்கு மேலும் போடும். ஈனுவதற்கு முன்பே கடுவனைத் தனியே எடுத்துவிட வேண்டும். முதல் சில நாள் கூட்டைக் கிளறினால் தாய் குட்டியைத் தின்றுவிடும், அதுவும் முதல் ஈற்று என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று வாரத்தில், கண் திறக்கும் முன்பே, கறியை நக்க ஆரம்பிக்கும். அப்போதிருந்து தாய்க்குத் தீனி வைத்து வெளியே எடுத்துவிட்டுத் தினமும் குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். இந்த ஒரு மாதத்தில் கை படாத குட்டி ஆயுசுக்கும் கடிக்கும். எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒரு வருசத்தில் ரெண்டு ஈற்று எடுக்க முடியும்தான், எடுக்கிறவர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் நான் தண்ணி குடிப்பதில்லை.

சரி, விற்பனைக்கு வருவோம். வாங்க ஆள் எங்கே? முயல்களுக்கு 1953இல் மிக்ஸோமடோசிஸ் என்ற கொள்ளைநோய் வந்தது, 1990களில் ரத்தக்கசிவு நோய் வந்தது, பல இடத்தில் முயலே அருகிவிட்டது. முயல் குறைந்தால் வேலை ஃபெரட் எதற்கு? ஒவ்வொரு கோடை முடிவிலும் பிராணி மீட்பு மையங்களில் ஃபெரட் நிரம்பி வழிகிறது. ஒரு குட்டிக்குக் கிடைக்கிற காசு மருத்துவரிடம் ஒருதரம் போய்வரக் காணாது. வியாபாரமாகவே செய்தால் இங்கிலாந்தில் 2018 விதிகளின்படி கவுன்சிலில் உரிமம் வாங்க வேண்டும். நான் எடுத்த ஈற்று ஒவ்வொன்றுக்கும் குட்டிக்கு முன்பே ஆள் பேசி வைத்திருந்தேன், பிடிக்கவில்லை என்றால் திருப்பி என்னிடமே கொண்டுவா என்று சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பி வந்தவையும் உண்டு, அவை என் கூண்டிலேயே கிழமாயின.

தீனிக்குச் செத்த கோழி என்று எழுதியிருந்தீர்களே, அதை இன்றைக்கே மறந்துவிடுங்கள். பல்லடம் பக்கத்துப் பழக்கம் இங்கே செல்லாது. பண்ணையில் செத்ததைச் சட்டப்படி அங்கீகரித்த வழியில்தான் அப்புறப்படுத்த வேண்டும், வீட்டுக்கு எடுத்தால் உங்கள் வேலைக்கே ஆபத்து. அதைவிட, பறவைக்காய்ச்சல் இந்தக் குடும்பத்துப் பிராணிகளைத் தொற்றும். 2022 அக்டோபரில் ஸ்பெயினின் கலீசியாவில், ரோமத்துக்காக வளர்க்கும் மிங்க் என்ற பிராணியின் பண்ணை ஒன்றுக்குள்ளேயே எச்5என்1 புகுந்தது. மிங்க்கும் ஃபெரட்டும் பங்காளிகள். கடையில் உறைய வைத்த கோழிக்குஞ்சு விற்கிறது, முயல் கிடைத்தால் தோலோடு எலும்போடு கொடுங்கள். பழைய ஆட்கள் சொல்லும் ரொட்டியும் பாலும் வேண்டாம், இது முழுக்கக் கறி தின்னும் பிராணி. தங்கச்சிக்கும் சொல்லி வையுங்கள்: வார்டிலிருந்து ஃப்ளூவோடு வந்தால் கூண்டுப் பக்கம் போகக் கூடாது. மனுசருக்கு வரும் ஃப்ளூ ஃபெரட்டுக்கும் வரும். 1933இல் லண்டனில் ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடித்ததே ஃபெரட்டை வைத்துத்தான். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வந்தால் அனேகமாகப் பிழைக்காது, தடுப்பூசிக்குக் கேளுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகிற யோசனை வேண்டவே வேண்டாம். 30 டிகிரிக்கு மேலே போனாலே இது வெயிலில் சுருண்டு விழும், பங்குனி சித்திரைத் தாராபுரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு நம்ம காட்டுமுயல் வளை தோண்டாது, புதரடியில்தான் படுக்கும், ஃபெரட்டுக்கு அங்கே வேலையே கிடையாது. வேட்டையும் 1972 சட்டப்படிக் குற்றம்.

முயலுக்குப் போவதானால் இலை உதிர்ந்த பிறகு, குளிர்காலத்தில் போங்கள். நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் பையில் வையுங்கள். எல்லாரும் வாங்க வேண்டியதுதான், நம்ம முகத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படும். வலையும் பெட்டியுமாக வேலியோரம் நின்றதற்கு என்னைத் திருடன் என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டவர்கள் உண்டு. தாளைக் காட்டினேன், வந்த போலீஸ்காரர் அரைமணி நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். இப்போது அதே ஆட்கள் தோட்டத்தில் முயல் அழிம்பு என்றால் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். நம்ம சங்கத்துப் பொங்கலுக்குப் போனால் மட்டும் இன்னமும் "எலி பிடிக்கிறவர்" என்று அறிமுகப்படுத்துவார்கள். இருக்கட்டும்.

உள்ளே விடும்போது கழுத்தில் டிரான்ஸ்மிட்டர் பட்டை இல்லாமல் விடாதீர்கள். தரைக்கடியில் முயலைக் கொன்று தின்றுவிட்டு அங்கேயே தூங்கிவிடும், ரிசீவர் இருந்தால்தான் எந்த இடத்தில் தோண்டுவது என்று தெரியும்.

இப்போதைக்கு அந்தச் சும்மா ஜோடியை மரியாதையாக மறுத்துவிட்டு, மீட்பு மையத்திலிருந்து குடும்பக்கட்டுப்பாடு பண்ணின ரெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், தனியே வாடும். ரெண்டு குளிர்காலம் அவற்றோடு வேலை செய்யுங்கள், அப்புறமும் குட்டி ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள், நல்ல கடுவன் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். இல்லை, அந்த ஜில்லை எடுத்தே ஆவேன் என்றால் பிப்ரவரியிலேயே மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள், ஃபெரட் பார்ப்பவரா என்று முதலில் கேட்டுக்கொண்டு. ஏப்ரலில் ஊரே அங்கே வரிசையில் நிற்கும்.