திரும்பி வந்த ஆறு கிலோ

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 44, உயரம் 158 செ.மீ. செந்தூலில் இருக்கிறேன். அலுவலக வேலை, நாள் முழுதும் நாற்காலிதான். பத்து மாதம் கஷ்டப்பட்டு 88 கிலோவிலிருந்து 71-க்கு வந்தேன். அப்போது ஒரு நாளைக்கு 1,200 கலோரி, இரவில் சோறே கிடையாது. 71 வந்ததும் அதை நிறுத்திவிட்டுப் பழையபடி சாப்பிடத் தொடங்கினேன். பழையபடி என்றாலும் முன்னைவிடக் குறைவுதான், சத்தியமாக. காலையில் இரண்டு தோசை, மதியம் நாசி சம்போர் (சோறும் கலவைக் கறிகளும்), நான்கு மணிக்குத் தே தாரிக் கூராங் மானிஸ் (இனிப்புக் குறைத்த பால் தேநீர்), இரவு சப்பாத்தி. சனி, ஞாயிறு மட்டும் வெளியே. 16 மாதத்தில் 77-க்கு வந்து நிற்கிறேன். இளைத்தபோது "என்ன, சீக்கா?" என்று கேட்ட அதே சொந்தக்காரர்கள் இப்போது "அதான் சொன்னேனே, திரும்பப் போட்டுரும்னு" என்கிறார்கள்.

மூன்று கேள்விகள். டயட் இருந்து என் மெட்டபாலிசம் கெட்டுவிட்டதா? மறுபடி 1,200-க்குப் போகவா? ஆயுசுக்கும் சோற்றைத் தராசில் நிறுத்துத்தான் தின்ன வேண்டுமா?

க., கோலாலம்பூர்

அன்புள்ள க.,

"முன்னைவிடக் குறைவுதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்புகிறேன். சிக்கலும் அந்த வரியில்தான் இருக்கிறது. அது 88 கிலோக்காரரின் சாப்பாட்டைவிடக் குறைவு. 71 கிலோ உடம்புக்கு அதுவே கூடுதல். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 17 கிலோவில் 11 கிலோ இன்னும் திரும்பி வரவில்லை. அது தொடங்கிய எடையில் 12.5 சதவீதம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 5 சதவீதமே பலன் தரத் தொடங்கும். சொந்தக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள்.

உங்கள் வயது, உயரம், நாற்காலி வேலை மூன்றையும் வைத்துப் பார்த்தால், 88 கிலோவில் எடை ஏறாமல் இறங்காமல் நிற்க நாளுக்கு ஏறத்தாழ 2,050 முதல் 2,100 கலோரி தேவைப்பட்டிருக்கும். ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. 17 கிலோவுக்கு 340 முதல் 510 வரை. ஆக 71-இல் நிற்க உங்களுக்கு உள்ள அளவு சுமார் 1,600, 1,700தான். சரி, 16 மாதத்தில் 6 கிலோ ஏற எவ்வளவு மிஞ்சியிருக்க வேண்டும்? ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், சராசரியாக நாளுக்கு 100 கலோரிகூட இல்லை. ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. விருந்து தின்று ஏற்றிக்கொண்ட எடை அல்ல இது.

மெட்டபாலிசம் கெட்டுப்போவது பற்றி. அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு ஆண்டு கழித்து அளந்து 2016-இல் வெளியிட்டார்கள். 13 பேருக்கு எடை திரும்பியிருந்தது. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரி, அவர்கள் பருமனுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 அளவு குறைந்திருந்தது. செய்தி பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: குறைத்த எடையை அதிகம் காப்பாற்றிக்கொண்டவர்களுக்குத்தான் இந்த மந்தமும் அதிகம். அதாவது எரிப்பு குறைவது எடை குறைந்ததற்கு உடம்பு போடும் வரி. எல்லோரும் கட்டுகிறார்கள். எடை திரும்புவதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பெரிய பங்கு பசிக்கு. 2011-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 50 பேர் பத்து வாரம் கடும் டயட் இருந்தார்கள். ஓராண்டு கழித்தும் அவர்கள் இரத்தத்தில் வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் குறைவாகவும், பசியைத் தூண்டும் கிரெலின் கூடுதலாகவுமே இருந்தன. இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிடச் சுவையானது. சர்க்கரை நோய்க்குத் தரும் கனாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை குளுக்கோசைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். நாளுக்கு 300 கலோரிக்கு மேல் இப்படிப் போகிறது, சாப்பிடுபவருக்குத் தெரியாது. டயட் இருக்கிறோம் என்ற எண்ணமே இல்லாத அவர்கள் எடை குறையக் குறையத் தாங்களாகவே கூடச் சாப்பிட்டார்கள். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 கலோரி அளவில் பசி கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். செலவு குறைவதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. (அவர்கள் சில கிலோதான் குறைந்தார்கள். இதை 17-ஆல் பெருக்கிப் பயந்துவிடாதீர்கள்.) இந்தப் பசி வயிற்றைக் கிள்ளிக்கொண்டு வராது. சோற்றுக் கரண்டி கொஞ்சம் ஆழமாக இறங்கும், மூன்றாவது சப்பாத்திக்குக் கை தானாகப் போகும், பிள்ளை மிச்சம் வைத்த நகெட் வாய்க்குள் போய்விடும். மனவுறுதியைக் குறை சொல்லி இங்கே பயனில்லை. கண்ணுக்குத் தெரியாததை அளந்துதான் பிடிக்க வேண்டும்.

எங்கே பிடிப்பது? நீங்கள் "மட்டும்" என்று போட்ட சனி, ஞாயிறிலிருந்து தொடங்குவேன். ஐந்து நாள் 1,650, இரண்டு நாள் 2,200 என்று வையுங்கள். வாரத்துக்கு 1,100 கூடுதல். ஏழால் வகுத்தால் நாளுக்கு 157. ஆறு கிலோவுக்கான கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது, அதற்கு மேலும் இருக்கிறது. 2,200-க்கு விருந்து தேவையில்லை. சனிக்கிழமை பசியாற இரண்டு ரொட்டி சானாய் என்றால் குழம்பு இல்லாமலே 600. ஒரு தே தாரிக் சுமார் 180. மதியம் நாசி கண்டாரில் "குவா பாஞ்சிர்" என்று சொன்னால் நாலைந்து குழம்பின் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சோற்றில் ஊறிவிடும், பிறகு அதைத் தள்ளி வைக்க வழியில்லை. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், தாப்பாவ் (கட்டி வாங்கிப் போவது) என்றால் தனிப் பொட்டலமாக. சோறு பாதி, ஒரு பொரியல், ஒரு மீன் அல்லது கோழி. பொரித்த கோழியோடு பொரித்த முட்டையும் வேண்டாம்.

கூராங் மானிஸ் ஓர் ஆறுதல் சொல். கடைக்காரர் சீனியைக் குறைப்பார், இனிப்பு டின் பால் கோப்பையின் அடியில் இருக்கவே செய்யும். ஒரு மேசைக்கரண்டி டின் பால் 65 கலோரி பக்கம். தே சி கோசோங் கேளுங்கள், சீனியும் இல்லை, இனிப்புப் பாலும் இல்லை. பாலே இல்லாத தே ஓ கோசோங் இன்னும் நல்லது. 2019 ஜூலையில் வந்த சீனி வரி அடைத்து விற்கும் பானங்களுக்குத்தான், மாமாக் கடைக் கோப்பையை அது எட்டவில்லை.

வீட்டு எண்ணெயை அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு கிலோ பொட்டலத்தைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதி எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் இரண்டு கிலோ தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 கலோரி எண்ணெயாக மட்டும் போகிறது. நாலு கிலோ என்றால் 300. பொரித்துக் கொட்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள். தோசைக் கல்லுக்கு போத்தலைச் சாய்ப்பதை விட்டுத் தேக்கரண்டியால் ஊற்றினாலே இரண்டு தோசையில் 60, 80 மிச்சமாகும்.

எடை பார்ப்பது. காலையில் கழிவறை போய்வந்த பிறகு, பசியாறுவதற்கு முன், அதே மெல்லிய உடையில். தராசு டைல் தரைமேல், ஒரே இடத்தில் இருக்கட்டும். பாய், கார்ப்பெட்மேல் வைத்தால் எண் பிசகும். தினமும் எழுதுங்கள், ஆனால் ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். ஞாயிறன்று ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் உங்கள் எடை. முதல் நாள் மீ கோரெங்கும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்து ஒரு கிலோ கூடக் காட்டும். மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். மாதவிலக்குக்கு முந்திய வாரத்திலும் ஏறும். தீபாவளி மறுநாள் இரண்டு கிலோ கூடினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் இறங்கிவிடும். பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். "எல்லாம் போச்சு" என்று அலமாரிக்கு அடியில் தராசைத் தள்ளிவிட்டு, அடுத்த முறை அதை எடுக்கும்போது எண் ஐந்து கூடியிருக்கும்.

2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடை குறைத்த 314 பேரில் ஒரு பகுதியினருக்குப் போக்குவரத்து விளக்கு முறை கற்றுக்கொடுத்தார்கள். காக்க நினைக்கும் எடையிலிருந்து 1.4 கிலோ வரை பச்சை, அதைத் தாண்டினால் மஞ்சள், 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு. சிவப்பு என்றால் அன்றே குறைப்புச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. 18 மாதத்தில் சிவப்பைத் தாண்டியவர்கள், செய்திமடல் மட்டும் வாங்கியவர்களில் 72 சதவீதம். இந்த முறையை நேரில் கூடிக் கற்றவர்களில் 46 சதவீதம். அற்புதம் என்று சொல்ல மாட்டேன், பாதிப் பேர் அப்போதும் தோற்றார்கள். ஆனால் இரண்டு கிலோவை இறக்க இரண்டு மாதம், ஆறு கிலோவை இறக்க அரை வருடம். உங்களுக்கு 73.3 தாண்டிய வாரத்தில் யாரும் மணியடிக்கவில்லை.

நடை எடையைக் குறைப்பதைவிட, குறைந்ததைக் காப்பதற்கு அதிகம் உதவும். ஆனால் அளவு தெரிய வேண்டும். 71 கிலோ உடம்பு ஒரு மணி நேரம் நடுத்தர வேகத்தில் நடந்தால் கூடுதலாகச் செலவாவது 175 கலோரி பக்கம். தித்திவங்சா ஏரியை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்து ஒரு தே தாரிக் குடித்தால் கணக்கு நேர். வாரத்துக்கு 200 முதல் 300 நிமிடம் வேண்டும். கோலாலம்பூரில் மாலை நடை என்று முடிவெடுத்தால் பாதி நாள் மழை தின்றுவிடும். காலை 30 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேரங்காடிக்குள் 15 நிமிடம் என்று பிரியுங்கள். புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் முழுவதையும் உள்ளே வையுங்கள். பத்துமலையின் 272 படி தைப்பூசத்துக்கு மட்டும் கட்டியதல்ல, முழங்கால் ஒத்துழைத்தால்.

நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். டயட்டில் போவதில் ஒரு பங்கு தசை. திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து, ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்பு மடக்கித் தரையிலிருந்து தூக்குவது பத்து. மூன்று சுற்று. எளிதாகிவிட்டால் பத்து கிலோ பைக்குப் போங்கள். ஒரு வருடமும் அதே ஐந்து கிலோவைத் தூக்கினால் தசைக்குப் புதிதாகச் செய்தி ஏதும் போகாது.

உங்கள் சாப்பாட்டில் புரதம் குறைவு என்று படுகிறது. தோசையிலும் சப்பாத்தியிலும் பசி சீக்கிரம் திரும்பும். நாளுக்கு 75, 80 கிராம் புரதம் என்று வையுங்கள். ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் ஏறத்தாழ 20, 100 கிராம் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 19. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு பொருந்தாது, மருத்துவரைக் கேளுங்கள். புரட்டாசியில் எடை ஏறுகிறது என்று நம்மவர்கள் ஆச்சரியப்படுவதற்கும் இந்தப் புரதக் குறைவுதான் காரணம். மீனும் கோழியும் போன இடத்தில் சோறும் அப்பளமும் உருளைக்கிழங்கும் உட்கார்ந்துகொள்கின்றன. அந்த இடத்தில் தெம்பே, தவ்ஃபூ, கொண்டைக்கடலை உட்கார வேண்டும்.

1,200-க்குப் போக வேண்டாம். போன முறை தவறியது 1,200-இல் இருந்து ஒரே தாவலில் "பழையபடி"க்கு வந்ததில்தான். முதல் நாலு வாரம் சனி ஞாயிறையும் தேநீரையும் மட்டும் திருத்தி 77-இல் நிறுத்துங்கள். பிறகு 12 வாரம் 1,500. இரண்டரை, மூன்று கிலோ இறங்கும். அங்கே நின்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 100 கலோரி கூட்டிக்கொண்டே போய், வாரச் சராசரி இறங்குவது நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் உங்கள் உண்மையான அளவு. மேலே நான் போட்டது சூத்திரக் கணக்கு, ஆளுக்கு ஆள் 200 கலோரி முன்பின் இருக்கும். அந்த எடையில் இரண்டு மாதம் இருந்துவிட்டு 71 வேண்டுமா, 74 போதுமா என்று யோசியுங்கள்.

ஆயுசுக்கும் நிறுக்க வேண்டாம். பத்து நாள் போதும். சமையல் தராசில் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, வெந்த சோறு 150 கிராம் போடுங்கள், அது 195 கலோரி. ஐந்தாம் நாளிலிருந்து முதலில் கண்ணளவில் போட்டு, எத்தனை கிராம் என்று வாயால் சொல்லிவிட்டுப் பிறகு எண்ணைப் பாருங்கள். கண் பழகிவிடும். ஆனால் கண்ணும் நழுவும், மேலே சொன்ன பசியின் வேலை அது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூன்று நாள் மறுபடி நிறுங்கள். வெளியே சாப்பிடும்போது சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு சுக்கு செப்பாரு போதும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். (மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு, நம் சுக்கு அல்ல.)

நீங்கள் கேட்காத ஒன்று. இளைக்கும் காப்பி, இளைக்கும் மிட்டாய் யாராவது தந்தால் தொடாதீர்கள். இதய ஆபத்தால் 2010-இல் பல நாடுகளில் விலக்கிக்கொள்ளப்பட்ட சிபுட்ராமின் இப்படிப்பட்ட பொருள்களில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. செமாகுளுடைட் ஊசி வேறு கதை, அது மருத்துவர் தரும் உண்மையான மருந்து. ஆனால் நிறுத்தினால் ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்று அதன் ஆய்விலேயே வந்திருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், 1,500-க்கு இறங்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

16 வாரமும் எழுதிய எண்களோடு நேர்மையாக இருந்தும் சராசரி 77-ஐ விட்டு அசையவில்லை என்றால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) போய்த் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பெயர்களையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெராய்டும் சில மனநல மருந்துகளும் எடையை ஏற்றும், அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.