ஒலிப்பொறியியல் படிப்புக்கு முன் ஒரு பாடல்

தங்கள் மகள் பள்ளிப் படிப்பை முடித்ததும் ஒலிப்பொறியியல் படிக்க விரும்புவதாகவும், தன் இசைக்குழுவை வீட்டிலேயே பதிவு செய்யக் கருவிகள் கேட்பதாகவும், இது வெறும் பொழுதுபோக்காகவே நின்றுவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று இப்போதே முடிவெடுக்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு பாடலைத் துப்புரவாகப் பதிவு செய்து காட்டச் சொல்லுங்கள்.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. இரண்டு மைக், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும், இரண்டு உள்ளீடு கொண்ட ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் கருவி, காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஆகியவை போதும். ஒவ்வொரு வாத்தியமாகப் பதிவு செய்துகொள்ளலாம். டிரம்ஸுக்கு எட்டு மைக் வேண்டும் என்று அவர் கேட்டால், இரண்டை வைத்தே தொடங்கச் சொல்லுங்கள். ஸ்நேரின் (டிரம்ஸில் அடியில் கம்பிகள் கொண்ட முரசின்) நடுவிலிருந்து ஒரு நூலைப் பிடித்து, இரு மைக்குகளும் சம தூரத்தில் இருக்குமாறு அளந்து வைக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 34 சென்டிமீட்டர் வேறுபாடே ஏறத்தாழ ஒரு மில்லிநொடித் தாமதத்தைத் தந்துவிடும். இரண்டு பதிவுகளையும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஸ்நேர் கனமிழந்து கேட்கும். இதைத் தன் காதாலேயே கேட்டு, நூலைத் தேடி எடுக்கும் பிள்ளைக்கு இத்துறை பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் முன் வைக்கும் மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை ஓரமாக நகர்த்தினாலே காதைக் குத்தும் கூர்மை தணியும். சுவரில் தொங்கவிடும் போர்வை உயர்ந்த ஒலிகளை அடக்குமே தவிர, தாழ்ந்த ஒலிகளை அடக்காது. ஆகவே தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டாரை நேரடியாக இன்டர்ஃபேஸிலேயே இணைப்பது நல்லது. 24 பிட்டில் பதிவு செய்கையில், மிக உரத்த இடம்கூட மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பதிவின் உச்ச வரம்பான பூஜ்ய டெசிபலில் முட்டிச் சிதைந்த ஒலியை முழுமையாக மீட்க முடியாது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவர் ஒருவர், கிட்டார் பதிவில் மெல்லிய சரசரப்பு வருகிறதென்று மைக்கையும் கேபிளையும் மாற்றிப் பார்த்திருக்கிறார். கடைசியில் அறையின் மூலையில் சும்மா இருந்த ஸ்நேரின் அடிக்கம்பிகள் கிட்டாரின் ஓசைக்கு அதிர்ந்ததுதான் காரணம் என்று அவரே கண்டுபிடித்தார். வாத்தியத்தை வெளியே எடுத்து வைத்ததும் சரசரப்பு நின்றது. அந்தப் பொறுமையைத்தான் நான் தங்கள் மகளிடமும் தேடுகிறேன்.

திரைப்படம், வானொலி, மேடை நிகழ்ச்சி, கணினி விளையாட்டு எனப் பல இடங்களில் இப்பணிக்குத் தேவை உண்டு. ஆனால் தொடக்க ஆண்டுகளில் வருமானம் சீராக இராது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவு முடிந்ததும், கலந்து மெருகேற்றிய பாடலோடு, ஒவ்வொரு வாத்தியத்தின் மூலப் பதிவையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு மகளுடன் வாருங்கள். அவற்றைக் கேட்டபின் எந்தப் படிப்பு என்பதை மூவரும் அமர்ந்து பேசலாம்.