ஒப்பந்தம் முடியுமுன் பல்கலைக்கழக வேலையை விடலாமா? சீனாவில் ஆங்கிலம் கற்பிக்கும் வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் கனடியக் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பெண். சீனாவின் வூஹான் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஓராண்டு ஒப்பந்தம் வரும் ஜூலையில் முடிகிறது. ஆனால் செங்டூவிலுள்ள வேறொரு பல்கலைக்கழகம் மார்ச் மாதப் பருவத்திலிருந்தே வரச் சொல்கிறது. விலகப்போவதாகச் சொன்னதும், மூன்று மாதச் சம்பளமான 28,500 யுவானை அபராதமாகக் கட்டினால்தான் விடுவிப்புச் சான்று தருவோம் என்கிறார்கள். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வார இறுதிகளில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு நான் பாடம் எடுப்பதையும் சாடையாகச் சொல்லிக் காட்டினார்கள். பணத்தைக் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: நீங்கள் பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குப் பெரிய ஆபத்து வார இறுதி வகுப்பில்தான் இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

சீனாவில் வெளிநாட்டவருக்குத் தரப்படும் பணி அனுமதி, அதில் பெயர் குறிப்பிடப்பட்ட நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள வெளியேறல், நுழைவு நிர்வாகச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, அனுமதியில் வரையறுத்த எல்லையை மீறி வேலை செய்வதும், அனுமதியே இல்லாமல் வேலை செய்வதைப் போலவே, சட்டவிரோதப் பணிதான். அதற்கு 80ஆம் பிரிவு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் விதிக்கிறது. நிலைமை கடுமையானது என்று காவல்துறை கருதினால் அபராதத்தோடு 5 முதல் 15 நாள் வரை காவலில் வைக்கவும் இடமளிக்கிறது. நாட்டைவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டால், 62ஆம் பிரிவின்படி ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை மீண்டும் நுழைய முடியாது. பயிற்சி மையத்தின் நிலையும் நன்றாக இல்லை. 2021 ஜூலையில் வெளியான, வீட்டுப்பாடச் சுமையையும் வெளிப்பயிற்சிச் சுமையையும் குறைக்கும் ‘இரட்டைக் குறைப்பு’க் கொள்கை, கட்டாயக் கல்வி வயதுப் (தொடக்க, நடுநிலைப் பள்ளி) பிள்ளைகளுக்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் பாடப் பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது, ஆங்கிலமும் அந்தப் பாடங்களில் ஒன்று. எனவே அந்த மையத்தில் சோதனை நடந்தால் நீங்களும் சேர்ந்து அகப்படுவீர்கள். சக ஆசிரியர்கள் பலர் செய்கிறார்கள் என்பது உங்களுக்குப் பாதுகாப்பாகாது.

ஆகவே அந்த வகுப்பை இந்த வாரமே நிறுத்துங்கள். அங்கே சம்பளப் பாக்கி இருந்தால் அதற்காக இப்போது சண்டையிட வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உச்ச மக்கள் நீதிமன்றத்தின் விளக்கத்தின்படி, முறையான அனுமதி பெறாத வெளிநாட்டவரின் வேலையை நீதிமன்றம் தொழிலாளர் உறவாக, அதாவது தொழிலாளர் சட்டம் காக்கும் வேலையாக, ஏற்பதில்லை. காவல்துறை கேட்டால் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து பேசிய பிறகு பதில் சொல்லுங்கள். ஆனால் எந்நிலையிலும் பொய் சொல்லாதீர்கள்.

இனி பல்கலைக்கழகம் கேட்கும் அபராதத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் நீங்கள் முறையான அனுமதியோடு வேலை செய்கிறீர்கள். அது தொழிலாளர் உறவு என்பதில் எனக்கு ஐயமில்லை. 2008 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, 30 நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்து விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. நிறுவனம் தன் செலவில் சிறப்புப் பயிற்சி அளித்திருந்தாலோ, இரகசியக் காப்பும் போட்டித் தடையும் (விலகியபின் போட்டி நிறுவனத்தில் சேராதிருத்தல்) சார்ந்த உடன்பாடு இருந்தாலோ தவிர, தொழிலாளி அபராதம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதக் கூடாது என்கிறது 25ஆம் பிரிவு. உங்களுக்கு அப்படிப் பயிற்சி எதுவும் தரப்பட்டதாகத் தெரியவில்லை. சட்டத்தை நேராகப் படித்தால் அந்த 28,500 யுவான் நிபந்தனை நிற்காது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டவரின் ஒப்பந்தங்களில் விலகும் முறையையும் மீறலுக்கான பொறுப்பையும் இரு தரப்பும் தாமே பேசி வகுக்கலாம் என்று கொண்டு, எழுதியதை எழுதியபடியே நிலைநிறுத்திய தீர்ப்புகள் உண்டு; ஷாங்காய் அதற்குப் பெயர்பெற்றது. வூஹானின் தொழிலாளர் தகராறு நடுவர் குழு எந்தப் பக்கம் சாயும் என்பதை அங்கே வழக்காடும் சீன வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள். நீதிமன்றத்தில் வழக்கறிஞர் மூலம் வாதாடுவதென்றால் சீன வழக்கறிஞரைத்தான் அமர்த்த முடியும்.

விடுவிப்புச் சான்றில் உங்கள் பிடி உறுதியானது. ஒப்பந்தம் முடிவுக்கு வரும்போதே அதற்கான சான்றை நிறுவனம் தர வேண்டும் என்று 50ஆம் பிரிவும், தராமல் இழப்பு ஏற்படுத்தினால் ஈடு கட்ட வேண்டும் என்று 89ஆம் பிரிவும் கூறுகின்றன. பணத்தகராறு நிலுவையில் இருப்பது சான்றை நிறுத்தி வைக்கக் காரணமாகாது. அதிலேதான் அவர்கள் உங்களை நெருக்குகிறார்கள், ஏனென்றால் அந்தச் சான்றும் பழைய பணி அனுமதியின் நீக்கமும் இல்லாமல் செங்டூ பல்கலைக்கழகம் உங்கள் பெயரில் புதிய அனுமதி பெற முடியாது.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது இது. விலகல் கடிதத்தைச் சீன மொழியில் எழுதி, நீங்களெல்லாம் ‘வாய்பான்’ என்று அழைக்கும் வெளிநாட்டு விவகார அலுவலகத்துக்கும் பணியாளர் பிரிவுக்கும் இ.எம்.எஸ். எனும் விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். வீச்சாட் (WeChat) செயலியில் செய்தி அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். விலகும் நாளைப் பருவத் தேர்வுகள் முடிந்து, விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண்களை ஒப்படைத்த பிறகு வருமாறு குறியுங்கள். இது மாணவர்களுக்குச் செய்யும் நியாயம் என்பதோடு, உங்களால் இழப்பு என்று பல்கலைக்கழகம் கணக்குக் காட்டும் வாய்ப்பையும் குறைக்கும். விமானக் கட்டணத்தைத் திருப்பித் தருவது போன்ற சிறு தொகையை முன்வைத்துப் பேசிப் பாருங்கள். இசைந்தால், இரு தரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகத்தோடு முத்திரையிட்ட உடன்படிக்கையும், சான்றும் கையில் வரும் அதே வேளையில்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும். வார இறுதி வகுப்பை அவர்கள் கையில் வைத்திருக்கும்வரை, சட்டப்படி கடன்படாத ஒரு சிறு தொகையைக் கொடுத்து அமைதியாக வெளியேறுவதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

பேச்சு முறிந்தால் தொழிலாளர் தகராறு நடுவர் குழுவை அணுகலாம். அதற்குக் கட்டணமில்லை, உரிமை மீறப்பட்டது தெரிந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு, மனு ஏற்கப்பட்ட 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சிக்கலான வழக்கில் 15 நாள் நீட்டிக்கலாம். விமான நிலையத்தில் தடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். முடிவுறாத உரிமையியல் வழக்கில் வெளியேறக் கூடாது என்று நீதிமன்றம் தீர்மானித்தால்தான் அது நடக்கும். பல்கலைக்கழகத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

கடைசியாக, நாட்களைக் கவனியுங்கள். நீங்கள் வேலையை விட்டதைப் பல்கலைக்கழகம் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. அதன்பின் உங்கள் வதிவிட அனுமதியில் அச்சிட்டிருக்கும் தேதியை நம்பியிருக்க முடியாது. அனுமதியின்றித் தங்கினால், நிலைமை கடுமையானால், நாளுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம் உண்டு. எனவே செங்டூவிலிருந்து கையொப்பமிட்ட ஒப்பந்தம் வந்து சேர்ந்த பிறகே விலகல் கடிதத்தை அனுப்புங்கள். இடையில் இடைவெளி விழும் என்று தெரிந்தால், குறுகிய காலத் தங்கல் அனுமதிக்கு வூஹான் நுழைவு, வெளியேறல் அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.