ஒரே தலைப்பில் மூன்று சன்னல்கள்: ரோபோவுக்கு எது எதுவென்று எப்படிக் காட்டுவது?

தம்பி, மலேசியாவின் பகாவ் பக்கத்துத் தோட்ட ஆபிஸில் செம்பனைக் குலை எடைப் பதிவு நிரலை டிவிஷனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) ஒன்றாக மூன்று திறந்து வைக்கிறோம், விண்டோஸ் நிரல்களைத் தானாக இயக்கும் பைத்தான் கருவி பைவின்ஆட்டோவில் எழுதிய ரோபோ சில நேரம் வேறு டிவிஷனில் எழுதிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலைப்பை வைத்துத் தேடுவதுதான் கோளாறு. மூன்றும் பொருந்தும்போது அது பிழை காட்டி நிற்கும்; அதைத் தாண்ட ஃபவுண்ட் இண்டெக்ஸ் 0, அதாவது பொருந்துவதில் முதலாவதை எடு, என்று போட்டிருப்பீர்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள். கிராணி (ஆபிஸ் எழுத்தர்) ஒரு சன்னலைத் தட்டி முன்னால் கொண்டுவந்தாலே வரிசை மாறிவிடலாம்.

விண்டோஸ் ஒவ்வொரு சன்னலுக்கும் ஒரு ஹேண்டில் எண் கொடுக்கிறது. சன்னலை மூடும்வரை அது மாறாது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிரலை ஒவ்வொன்றாகத் திறங்கள். திறக்குமுன் இருக்கிற ஹேண்டில்களைக் குறித்துவைத்து, திறந்தபின் புதிதாக வந்ததை 'டிவிஷன் 2' என்று பெயரிட்டுச் சேமியுங்கள். பிறகு அந்த ஹேண்டிலோடு மட்டும் கனெக்ட் செய்யுங்கள். ஓடும் நிரலுக்கு விண்டோஸ் தரும் பிராசஸ் எண் மட்டும் போதாது. எக்செல் போன்றவை ஒரே பிராசஸில் பல சன்னல்களை வைத்திருக்கும்.

குலை வெட்டினவருக்குக் கூலி கணக்காவது அந்த எடையில்தான். அதனால் எழுதுமுன் சன்னலுக்குள் இருக்கும் டிவிஷன் கட்டத்தை ரோபோ ஒருமுறை படிக்கட்டும். பொருந்தாவிட்டால் அங்கேயே நிற்கட்டும்.