இரண்டு ஏற்றுமதிக் கோடுகள் ஒட்டிப்போனால் போதுமா?

கேள்வி: லித்தியம் கார்பனேட், லித்தியம் அயனி பேட்டரி இரண்டின் ஏற்றுமதி மதிப்பும் சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஒன்று மற்றொன்றுக்கு மூலப்பொருள் என்று இதை வைத்தே சொல்லிவிடலாமா?

பதில்: முடியாது. எந்தச் சரக்கு எங்கிருந்து எங்கே போனது என்பதோடு சுங்கத் தரவின் வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்த ஆலையில் அது என்னவானது என்று அதற்குத் தெரியாது. தவிர, 2022இல் லித்தியம் விலை எகிறி 2023இல் சரிந்தது. பேட்டரி விலையும் கூடவே அசைந்தது. மதிப்பை விட்டு எடையைப் பாருங்கள், அந்த ஒற்றுமையில் பாதி கரைந்துவிடலாம்.

செய்முறையிலிருந்து தொடங்குங்கள். தாது அல்லது உப்புநீர், அதிலிருந்து கார்பனேட் அல்லது ஹைட்ராக்சைடு, பிறகு கேத்தோடு (பேட்டரியின் நேர்மின்வாய்), கடைசியில் பேட்டரி. அப்புறம் ஒவ்வொரு படிக்கும் எச்.எஸ். எண்ணைத் தேடுங்கள் (சுங்கத்தில் சரக்குகளை வகைப்படுத்த நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆறு இலக்க எண் அது). கார்பனேட்டுக்கு 2836.91, பேட்டரிக்கு 8507.60 என்று தனி எண் உண்டு. (பேட்டரிக்கான எண் 2012 திருத்தத்தில்தான் வந்தது, அதற்கு முந்தைய தொடரை இதோடு ஒட்டாதீர்கள்.) சிக்கல் தாதுவில். ஆஸ்திரேலியாவின் லித்தியம் தாதுவான ஸ்போடுமீன், 2530.90 என்ற ‘இதர கனிமங்கள்’ மூட்டைக்குள் கிடக்கிறது. ஆறு இலக்கத்தில் அதைப் பிரிக்க வழியில்லை. அந்தந்த நாட்டின் எட்டு, பத்து இலக்க எண்களில்தான் தேட வேண்டும்.

எடைகளையும் அப்படியே ஒப்பிட வேண்டாம். ஒரு டன் கார்பனேட்டில் லித்தியம் சுமார் 188 கிலோதான். எல்லாவற்றையும் லித்தியம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, தொடர்பை எப்படிச் சோதிப்பது? எங்காவது ஓட்டம் திடீரென்று தடைபட்ட இடத்தைப் பிடியுங்கள். என் அனுபவத்தில் இதற்கு ஈடான சோதனை கிடையாது. நிக்கலில் இதற்கு ஒரு எடுத்துக்காட்டு உண்டு: இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. அங்கிருந்து சீனாவுக்குப் போன தாது (2604.00) சுருங்கியது, அதே வழியில் போன ஃபெர்ரோநிக்கல் (தாதுவை உருக்கிக் கிடைக்கும் இரும்பு-நிக்கல் கலவை, 7202.60) பெருகியது. உருக்கும் வேலை இடம் மாறியது எண்களிலேயே தெரிகிறது. இத்தகைய நகர்வை, இரண்டு தொடர்கள் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று மட்டும் அளக்கும் ஒட்டுறவுக் கணக்கு காட்டாது.

உள்நாட்டிலேயே எடுத்து உள்நாட்டிலேயே செலவாகும் பொருள் எல்லையைத் தாண்டுவதில்லை, அதனால் இந்தத் தரவில் வராது. அதற்கு, எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீடு அட்டவணைகள் வேண்டும். ஆனால் அவை ‘வேதிப்பொருள் துறை’ என்ற அளவில் நின்றுவிடும், லித்தியம் தனியாகக் கண்ணில் படாது. ஆகவே அட்டவணையில் துறையைப் பாருங்கள், சுங்க எண்ணில் பொருளைப் பாருங்கள். நெதர்லாந்து, ஹாங்காங் போன்ற மறு ஏற்றுமதி இடங்களை மட்டும் தனியே ஒதுக்கி வையுங்கள். அங்கே இறங்கும் சரக்கில் பெரும்பங்கு வேறெங்கோ போகிறது.