குறைந்த செலவில் இடைக்கால ஐரோப்பியக் கவசம் வாங்க எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: கவசம் அலமாரிக்கா, போட்டுக்கொண்டு மோதுவதற்கா? விலையில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடும்.

தகட்டின் கனத்தை கேஜில் சொல்வார்கள். எண் கூடினால் தகடு மெலியும். 20 கேஜ் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, காட்சிக்குத்தான். 18 கேஜ் அணிவகுப்புக்குப் போதும். மழுங்கிய வாளோடு மோதுவதென்றால் உடம்புக்கு 16, தலைக்கவசத்துக்கு சுமார் 2 மி.மீ. கனமுள்ள 14 கேஜ். விற்பவர் கேஜைச் சொல்லத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

அதிகம் ஏமாறுவது குட்டி உலோக வளையங்களைக் கோத்துச் செய்த சங்கிலிச் சட்டையில்தான். மலிவானவற்றில் வளையத்தின் இரு முனையும் சும்மா முட்டிக்கொண்டு நிற்கும்; இழுபட்டால் வாய் திறந்துகொள்ளும். 14-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முனைகளைத் தட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, குட்டி ஆணி அடித்தார்கள். வளையத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், அந்த ஆணியின் குமிழ் தட்டுப்பட வேண்டும். அலுமினியச் சட்டை எடை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் அந்தக் காலத்தில் அலுமினியமே கிடையாது!

வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் மலிவுக் கவசங்களில் பல டேராடூன் போன்ற நம் ஊர்களில் செய்தவைதான். அதனால் இந்தியாவில் இருப்பவர்கள் இங்கேயே விசாரித்துவிடுவது நல்லது.

அப்புறம், பணம் கொஞ்சமாக இருந்தால் முதலில் பஞ்சு திணித்துத் தைத்த உள்சட்டையையும் தலைக்கவசத்தையும் வாங்குங்கள். தலை அளவை, தலைக்கவசத்துக்குள் போடும் மெத்தைக் குல்லாயைப் போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும்.