மனைவியை இழந்தவரைத் தமிழில் ‘தபுதாரன்’ என்பது ஏன்? அச்சொல்லின் பொருளும் தோற்றமும் என்ன?

கைம்பெண், விதவை என்றெல்லாம் பெண்ணுக்கு இருக்க, மனைவியை இழந்த ஆணுக்குத் தமிழில் சொல்லே கிடையாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் தாயார் மறைந்தபின் தந்தையாருக்காக ஒரு விண்ணப்பத்தை நிரப்பியபோது நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். உண்மையில் அந்தச் சொல்லின் வேர் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

அந்நூலின் புறத்திணையியலில், நிலையாமையைப் பாடும் காஞ்சித் திணையின் துறைகளை, அதாவது உட்பிரிவுகளை, அடுக்கிச் செல்லும் நூற்பா, ‘காதலி இழந்த தபுதார நிலையும், காதலன் இழந்த தாபத நிலையும்’ என்று இரண்டையும் அருகருகே வைக்கிறது. தபுதல் என்றால் அழிதல், இறத்தல். தாரம் என்றால் மனைவி. இரண்டாந்தாரம் என்று இன்றும் பேச்சில் வழங்கும் அதே தாரந்தான். தபு, தாரம் இரண்டும் வினைத்தொகையாகச் சேர்ந்திருப்பதால் இடையில் வல்லினம் மிகாது. ஆகவே ‘தபுத்தாரன்’ என்று எழுதுவது பிழை. இலக்கணத்தில் நிலையின் பெயராக இருந்ததிலிருந்து, அந்நிலையில் இருப்பவரைக் குறிக்கும் தபுதாரன் என்ற பெயர் பிறந்தது.

தபு என்ற வினைக்குத் தனிச் சிறப்பொன்றும் உண்டு. முழு உகரம் ஏறிய பகரத்தில் முடியும் சொல் (அன்பு, பண்பு போன்ற குற்றியலுகரச் சொற்கள் இதில் சேரா) ஒன்றே என்று தொல்காப்பிய எழுத்ததிகாரம் கூறுவது இதைத்தான் என்பர் உரையாசிரியர்கள். குரலைத் தாழ்த்திப் படுத்துச் சொன்னால் ‘நீ சா’ என்றும், உயர்த்தி எடுத்துச் சொன்னால் ‘நீ ஒன்றனைச் சாகச் செய்’ என்றும் அது பொருள்படும்.

என்னை மிகவும் நிறுத்திச் சிந்திக்க வைத்தது அந்த இணையில் உள்ள வேறுபாடு. தாபதம் என்பது தவ ஒழுக்கம். அதாவது, கணவனை இழந்தவளின் நிலைக்கு அவள் இனி நோற்க வேண்டிய நோன்பு பெயராயிற்று. மனைவியை இழந்தவனின் நிலைக்கோ நடந்த இழப்பு மட்டுமே பெயராயிற்று. முன்பு தழையாடையாக உதவிய ஆம்பல், கணவன் மாய்ந்தபின் அதன் புல்லரிசியால் உணவாகிறது என்று வருந்தும் புறநானூற்று 248ஆம் பாடலின் துறை தாபத நிலை. ஆணின் துயரத்துக்கு 245ஆம் பாடலைப் பார்க்கலாம். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, தன் மனைவியை ஈமத் தீயில் கிடத்திய பிறகும் தான் உயிரோடிருப்பதை நினைந்து, ‘இன்னும் வாழ்வல், என் இதன் பண்பே’ என்று கலங்குகிறான். அப்பாடலுக்குக் குறிக்கப்பட்ட துறை, இறந்தோரை எண்ணி இரங்கும் கையறுநிலைதான். ஆயினும் தபுதார நிலை என்னும் பெயருக்குள் இருக்கும் வலியை எனக்கு உணர்த்தியது அதுவே.

இது ஏட்டோடு நின்றுவிட்ட சொல்லும் அன்று. இலங்கையில் அரச ஓய்வூதியம் தொடர்பான ஆவணங்களில் ‘தபுதாரர்’ என்றே எழுதுகிறார்கள். மதிப்புப் பன்மையோடு கூடிய அந்த வடிவமே உயிரோடு இருக்கும் ஒருவரைக் குறிக்கப் பொருத்தமானது என்பது என் கருத்து. என் தந்தையாரைப் பற்றி எழுத நேரும்போது நானும் அவ்வாறே எழுதுகிறேன்.